இன்-ஹவுஸ் ரத்தம்

கலைமகளுக்கு மனிதர்கள்மீது ஒட்டுமொத்தமாக ஓர் இளக்காரம் உண்டு. நாற்பத்திரண்டு வயதுக்குள் அவள் சொந்தமாகச் சேர்த்தது அது ஒன்றுதான் என்று அவள் மாமியார் கண்ணம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்வதுண்டு. அந்த இளக்காரத்தில் கண்ணம்மாளுக்கும் ஒரு பங்கு இருந்தது.

பிறந்தது திருப்பூர் ராயபுரத்தில். பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் பக்கத்துத் தெரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போனாள். தைத்து வரும் பனியனை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. மற்றப் பெண்கள் நூறு பீஸில் நான்கு டேமேஜ் எடுத்தால் இவள் பதினொன்று எடுப்பாள். சூப்பர்வைசர் வந்து நின்று, இதெல்லாம் யாருக்கம்மா தெரியப் போகிறது என்று சலித்துக்கொள்வான். தெரிவது வேறு, இருப்பது வேறு. இந்த ஊரில் அதைப் புரிந்துகொள்ள ஓர் ஆள் கிடையாது என்று பதினேழு வயதிலேயே அவள் முடிவு கட்டிவிட்டாள். அதன் பிறகு அந்த முடிவை மாற்றிக்கொள்ளும்படி யாரும் நடந்துகொள்ளவில்லை.

விலங்கியல் படித்தாள். கல்யாணம் ஆனது. கணவன் பிரிண்டிங் பட்டறையில் கலர் மாஸ்டர். எந்தக் கலரைக் காட்டினாலும் 'மேட்ச் ஆகுது' என்று சொல்லியே பிழைப்பு நடத்துகிறவன். அவனுடன் சண்டை போடுவதும் வீண் என்று விட்டுவிட்டாள். ஒன்பது வருஷமாகப் பல்லடம் ரோட்டில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. சாயத் தண்ணீரும் துணியும் சோதித்துக்கொண்டிருந்த இடத்தில், வேல்குமார் என்பவர் முனைவர் பட்டத்தோடு வந்து மேல்மாடியில் செல் வளர்க்கும் பிரிவு ஒன்றை ஆரம்பித்திருந்தார். வாசல் போர்டில் 'டாக்டர்' என்ற எழுத்து மற்ற எல்லா எழுத்தையும்விடப் பெரிது. காய்ச்சல் என்று வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது வாட்ச்மேனுக்கு அன்றாட வேலையாகிவிட்டது.

மேல்மாடியில் அவள் செய்வதும் ஒருவிதச் செக்கிங்தான். மனித ரத்தத்தைக் குடுவையில் விட்டு, சத்து நீர் ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே வைத்து வளர்ப்பார்கள். வெள்ளை அணுக்கள் பெருக ஆரம்பிக்கும். ஓர் அணு இரண்டாகப் பிரியப் போகும் தறுவாயில் அதற்குள் இருக்கும் நாற்பத்தாறு குரோமோசோம்களும் தடித்துத் தனித்தனியாகத் தெரியும். அந்த நேரம் பார்த்து மருந்து போட்டு அதை நிறுத்தி, உப்புக் கரைசலில் உப்ப வைத்து, கண்ணாடித் துண்டில் சொட்டி, ஊதாச் சாயம் ஏற்ற வேண்டும். பிறகு மைக்ராஸ்கோப்பில் குனிந்தால் எந்தக் குரோமோசோம் உடைந்திருக்கிறது, எது துண்டாகித் தனியே கிடக்கிறது, எது இன்னொன்றோடு தவறாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணலாம். இந்த எண்ணிக்கையில் அவளை ஏமாற்ற முடியாது. வேல்குமாருக்கு அது தெரியும். ரிப்போர்ட்டில் எண்ணியவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்து இல்லாவிட்டால் சரக்கு வாங்கும் பையர்கள் மதிக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். ஆகவே அவளைச் சகித்துக்கொண்டிருந்தார்.

தமிழ்செல்வன் அங்கே ஒரு சோதனைக்காக வந்தது ஐப்பசியில். முப்பத்துநான்கு வயது. குண்டடத்துப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம்; அப்பா பனியனில் இறங்கிச் சம்பாதித்தார், மகன் ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் போடும் கவுனுக்கு மாறி இன்னும் சம்பாதித்தார். விடிந்ததும் ஓடுவார், கோவையில் மாரத்தான் என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பார், கையில் கட்டியிருந்த கடிகாரம் அன்றைக்கு எத்தனை அடி நடந்தார் என்று சொல்லும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எதிரில் இருப்பவரைப் பார்ப்பார்.

அந்தக் கவுன்களைப் பெட்டியில் அடைத்தபின் கிருமி நீக்க வேண்டும். பெட்டிகளை ஓர் இரும்பு அறைக்குள் அடுக்கி, கதவைச் சாத்தி, கேஸைத் திறந்துவிடுவார்கள். பிறகு பக்கத்து ரூமில் இரண்டு நாள் ஆற வைக்க வேண்டும். துணியில் ஊறிய கேஸ் அங்கேதான் மெதுவாக வெளியேறும். அதே ரூமில்தான் ஒன்பது பேர் பெட்டிகளை இறக்கி, திருப்பி, மறுபடி அடுக்குகிறார்கள். கேஸ் விற்ற ஏஜென்ட் இது புதுக் கலவை, கிருமியை மட்டும் கொல்லும், மனிதனை ஒன்றும் செய்யாது என்று சொல்லியிருந்தான். தமிழ்செல்வனும் அதை நம்பினார். கிருமியிடம் இவ்வளவு கறாராக இருக்கிற கேஸ் மனிதனைப் பார்த்தால் மட்டும் எதற்காக வழிவிட்டு ஒதுங்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டு பையருக்குத் தோன்றியது. மனித ரத்தத்தில் சோதித்து, குரோமோசோம் உடையவில்லை என்று காகிதம் கொண்டு வா என்றான். காகிதம் வந்தால் அந்த ரூமில் வேலை இரண்டு ஷிப்டாகும், வராவிட்டால் கேஸையே நிறுத்த வேண்டும்.

சோதனைக்கு ஆரோக்கியமான ஓர் இளைஞரின் ரத்தம் வேண்டும். வழக்கமாகக் கல்லூரிப் பையன்கள் யாரையாவது கூப்பிடுவார்கள். தமிழ்செல்வனுக்கு அது பிடிக்கவில்லை. நிட்டிங், டையிங், தையல், பேக்கிங் என்று நூலைத் தவிர எல்லாமே இன்-ஹவுஸ் என்று சொல்லிச் சொல்லியே ஆர்டர் பிடித்தவர் அவர். வெளி ஆளிடம் எதற்காகவும் போய் நிற்பது அவருக்குக் கௌரவக் குறைவு.

"நம்ம கம்பெனியில இல்லாத ரத்தமாங்க?" என்றார். "நானூறு பேர் இருக்கறாங்க. சொக்கத் தங்கமா ஒரு பையன அனுப்பறனுங்க."

ரத்தத்தையும் இன்-ஹவுஸாகவே சப்ளை செய்கிற முதல் முதலாளி என்று கலைமகள் மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். சிரித்தாளே தவிர யோசிக்கவில்லை.

மறுநாள் காலையில் வந்தவன் சுரேந்தர். கொமரலிங்கத்துக்காரன், இருபத்தெட்டு வயது, கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட். கலைமகள் ஃபாரத்தை எடுத்து வரிசையாகக் கேட்டாள். பீடி, சிகரெட் கிடையாது. குடி கிடையாது. தைப்பூசத்துக்கு வருஷம் தவறாமல் பழனிக்கு நடக்கிறவன். காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரே எடுக்கவில்லை, மாத்திரை எதுவும் இல்லை. தொழில் என்ற கட்டம் வந்தபோது அவள் தலையைத் தூக்கவேயில்லை. பனியன் கம்பெனி என்று எழுதிக்கொண்டாள். திருப்பூரில் ஒருவனிடம் அதைக் கேட்பது, உனக்கு மூக்கு இருக்கிறதா என்று கேட்பது மாதிரி.

ஊசி குத்தும்போது அவன், ரத்தம் நன்றாக இருந்தால் ஒரு பேப்பர் தருவீர்களா என்று கேட்டான். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பெண் வீட்டில் காட்டலாம் என்று ஆசை. இது அந்த மாதிரி டெஸ்ட் இல்லை என்று அவள் சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அவன் ரத்தத்தை ஐந்து தொகுதியாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு கேஸே கிடையாது. அதுதான் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கன்ட்ரோல். மூன்றுக்குக் குறைவாக, நடுத்தரமாக, அதிகமாக கேஸ். ஐந்தாவதற்கு, குரோமோசோமை உடைக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு விஷம். சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதற்கு. எந்தத் தொகுதி எது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. வேல்குமார் தொகுதிகளின் பெயரை மறைத்து வெறும் எண்களை ஒட்டிக் கொடுத்தார். தொகுதிக்கு இருநூறு அணு வீதம் கலைமகள் எட்டு நாள் எண்ணினாள்.

ஆறாம் நாளே அவளுக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது. ஐந்தில் ஒன்றாவது சுத்தமாக இருக்க வேண்டும். எதுவும் சுத்தமாக இல்லை. அடுத்ததில் இருக்கும், அடுத்ததில் இருக்கும் என்று பார்த்துக்கொண்டே போய்த் தொகுதிகள் தீர்ந்துவிட்டன. மறைத்த எண்ணைப் பிரித்தபோது, கேஸ் படாத கன்ட்ரோலில் நூற்றுக்கு ஏழு அணுவில் உடைசல். கேஸ் பட்டதில் எட்டு, பத்து, பதினொன்று. விஷத்தில் முப்பது.

வேல்குமாருக்கு வாயெல்லாம் பல். ஏழுக்கும் பதினொன்றுக்கும் கணக்குப்படி பெரிய வித்தியாசம் இல்லை, ஆகவே கேஸ் உடைக்கவில்லை, ஆகவே பாஸ். அந்த நிமிஷமே தமிழ்செல்வனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அப்ப்ரூவ்டு சாம்பிளும் பல்க் சரக்கும் ஒண்ணு போலத்தான இருக்குதுங்க?" என்றது போன். "அப்புறமென்னங்க, ஷிப்மென்ட் விட்டற வேண்டியதுதான்."

அசலிலேயே ஓட்டை இருந்தால் ஓட்டையோடு வரும் பத்தாயிரம் பீஸும் மேட்ச்தான். இந்த ஊர் இப்படித்தான் யோசிக்கும் என்று தெரிந்தும் கலைமகளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. பட்டம் வாங்கியவர் ஒருவர், வாங்காதவர் ஒருவர். இரண்டு பேருக்கும் ஒரே மூளை. பீரோவிலிருந்து பழைய ஃபைலை எடுத்து வேல்குமாரின் மேஜையில் போட்டாள். ஒன்பது வருஷத்துக் கன்ட்ரோல்கள், எல்லாம் அவள் எண்ணியது. ஒன்று, ஒன்று, பூஜ்யம், இரண்டு, ஒன்று. இரண்டுக்கு மேல் போனதே கிடையாது. கன்ட்ரோல் ஏழு என்றால் சோதனையே செல்லாது என்றாள். ஏதோ ஒரு ரத்தம் அப்படி இருக்கலாம் மேடம் என்றார் அவர். ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்க அந்தப் பட்டத்துக்கு நேரம் இல்லை.

கேட்பதற்காக அவள் ஃபாரத்தை எடுத்தாள். தொழில்: பனியன் கம்பெனி. அவள் கையெழுத்துதான். அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. எந்த வேலை என்று மட்டும் அதில் இல்லை. ஃபாரத்திலிருந்த நம்பருக்குப் போன் போட்டு, கம்பெனியில் எந்த செக்ஷன் என்று கேட்டாள்.

"ஸ்டெரிலைசிங்குங்கக்கா," என்றான் சுரேந்தர். "பொட்டி ஆற வெக்கிற ரூமு. மூணு வருசமாச்சுங்க."

கேஸ் என்ன செய்யும் என்று பார்க்க, அந்த கேஸுக்குள்ளேயே மூன்று வருஷமாக நிற்கிறவனின் ரத்தத்தை எடுத்து, இதுதான் கேஸ் படாத ரத்தம் என்று லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். அனுப்பியது தமிழ்செல்வன். வாங்கிக்கொண்டது வேல்குமார். கேட்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்காமல் விட்டது அவள். இருபத்தைந்து வருஷமாக ஊரையே இளக்காரமாகப் பார்த்த கண், ஒரு கட்டத்தை நிரப்பும்போது தூங்கிவிட்டது. மற்றவர்கள்மீது அவளுக்கு இருந்ததெல்லாம் அன்றைக்கு அவள்மீதே திரும்பியது. அவமானமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு எதிர் பேக்கரிக்கு அவனை வரச் சொன்னாள். அவன் சந்தோஷமாக வந்தான். நானூறு பேரில் சுத்தமான ரத்தம் என்று தன்னைத்தான் எடுத்தார்கள் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டானாம். பெண்ணின் அப்பா போனில் கூப்பிட்டுப் பேசினாராம். இதைக் கேட்டபின் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இருந்தும் சொன்னாள். உடைசலை எண்ணியது, ஏழு வந்தது, அது எதனால் என்பது, எல்லாம் சொன்னாள்.

"தப்பு உன்ற ரத்தத்துல இல்ல தம்பி, நீ நிக்கிற எடத்துல இருக்குது," என்றாள். "என்ன வேலைன்னு நான் கேட்டிருக்கோணும். கேக்காம உட்டுட்டேன்."

சுரேந்தர் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். சரியாகிவிடுமா என்று கேட்டான். உடைந்த அணுக்கள் நாளாவட்டத்தில் குறையும், அதற்கு அந்த ரூமை விட்டு வெளியே வர வேண்டும், கோவையில் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும், அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றாள். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அவளுக்கு வராது.

"நான் போவலீன்னா பீகார்ப் பசங்க ரெண்டு பேர உடுவாங்கக்கா," என்றான் அவன். "அவிங்களுக்கு இதெல்லாம் சொல்றதுக்குக்கூட ஆள் இல்லீங்க."

இத்தனை நாளில் தன்னைத் தவிர இன்னொருவனைப் பற்றிப் பேசிய ஒரே ஆள் இவன்தான். கலைமகளின் இளக்காரம் அவனிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை.

திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். வேல்குமார் முதலில் கெஞ்சினார், பிறகு வேலையை நினைவூட்டினார். கன்ட்ரோல் ஏழு என்று ரிப்போர்ட் போனால் பழைய கன்ட்ரோல்களைக் கொடு என்று பையர் கேட்பான், அப்போது போர்டில் இருக்கும் டாக்டர் என்ற எழுத்து அழகாகவா இருக்கும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அது அவருக்குச் சுலபமாகப் புரிந்தது. மறுநாள் தமிழ்செல்வனே நேரில் வந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் தெரிந்தது கவலை இல்லை, டெலிவரி தேதி தள்ளிப்போகும் எரிச்சல். அந்தப் பையன் ரத்தத்தை ரிஜெக்ட் செய்துவிட்டு வேறு பையனை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த ரூமுக்குள் ஒரு தடவைகூடக் கால் வைக்காத ஆளாக இருக்க வேண்டும் என்றாள் கலைமகள். வெளி ஆள் வேண்டாம் என்று அவர் மறுபடியும் பிடிவாதம் பிடித்து மேனேஜருக்குப் போன் போட்டார். மேனேஜர் ஒவ்வொரு பெயராகச் சொன்னான். லோடிங் ஆட்கள் அந்த ரூம் வழியாகத்தான் போக வேண்டும். எலக்ட்ரீஷியன் போகிறான். கூட்டுகிற பழனாத்தாள் தினமும் இரண்டு வேளை போகிறாள். கேன்டீன்காரன் டீ கொண்டு போகிறான். அக்கவுன்ட்ஸ் பெண்கள் ஸ்டாக் எடுக்கப் போகிறார்கள். பெயர்கள் தீர்ந்துபோயின.

"அப்ப நாந்தானுங்க," என்றார் தமிழ்செல்வன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "நான் அந்தப் பக்கமே போறதில்லீங்க மேடம். போனா தலை வலிக்குமுங்க."

தலை வலிக்கும் என்பது இவருக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது என்று கலைமகள் நினைத்துக்கொண்டாள். புது ஃபாரம் எடுத்து, தொழில் என்ற கட்டத்துக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, எந்த இடத்தில் நிற்கிறார் என்று ஒரு வரி சேர்த்தாள். ஏ.சி. ரூம் என்றார் அவர். அப்படியே எழுதினாள். மாரத்தான் ஓடுகிற கை என்பதால் நரம்பு உடனே கிடைத்தது. என் ரத்தம் முதல் தரமாக இருக்கும் பாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் தரமாகத்தான் இருந்தது. கேஸ் படாத தொகுதியில் நூற்றுக்கு ஒன்று. கேஸ் பட்டதில் மூன்று, ஐந்து, ஏழு. அளவு கூடக் கூட உடைசலும் கூடியிருந்தது. இந்த முறை வேல்குமாரே கணக்கை மூன்று தரம் போட்டுப் பார்த்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கேஸ் குரோமோசோமை உடைக்கிறது. வளைத்து எழுத இடமே இல்லை.

தமிழ்செல்வன் வந்ததும் கலைமகள் அவரை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். முதலில் கேஸ் படாததைக் காட்டினாள். ஊதா நிறத்தில் நாற்பத்தாறும் முழுசாக விரிந்து கிடந்தன. பிறகு கண்ணாடித் துண்டை மாற்றினாள். ஒன்றின் கை துண்டாகி விலகிக் கிடந்தது. இரண்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குறுக்காக ஒட்டியிருந்தன. இது யாருடையது என்று கேட்டார். உங்களுடையதுதான் என்றாள்.

அவர் கண்ணை எடுத்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியே போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டு, கேஸ் லைனை இப்போதே அடை, ரூமைப் பூட்டு என்றார். பையர் சொல்லி நடக்காதது, ஏழு உடைசல் என்று எழுதிக் காட்டி நடக்காதது, அரை நிமிஷத்தில் நடந்தது. கலைமகள் ஒரு கணம் அவரை மதிக்கக்கூடத் தயாரானாள்.

"ஏனுங்க மேடம்," என்றார் அவர். "எனக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?"

கேஸ் விட்டது குடுவைக்குள், உங்கள் உடம்புக்குள் இல்லை என்று அவள் விளக்கினாள். அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். வேல்குமார் விளக்கினார். கோவையில் முழு செக்கப் செய்துவிடலாமா என்று தமிழ்செல்வன் அவரிடமும் கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்கப் போகிறார் என்று தெரிந்ததும் கலைமகள் இரண்டு எண்ணிக்கைத் தாள்களை எடுத்து அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது உங்க ரத்தமுங்க. இருக்கறதுலயே அதிகமா கேஸ் விட்டதுல ஏழு. இது சுரேந்தரோடதுங்க. கேஸே விடல. அதுவும் ஏழு."

தமிழ்செல்வன் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சுரேந்தர் யாருங்க?" என்றார்.

"உங்களுக்குத் தலை வலிக்கிற ரூமுல நிக்கறவனுங்க," என்றாள் கலைமகள். பிறகு ரிப்போர்ட்டை இழுத்து, எண்ணியவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.